பிழைத்துக்கொண்டவரின் சாட்சி

கண்ணாடிக் கடைப் பெரியவர் சாகப் பயந்துதான் உண்மையைச் சொன்னார். அதில் அவருடைய மருமகளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. இதய அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் பிற்பகல் அது. மார்பு முடியை எல்லாம் மழித்துவிட்டிருந்தார்கள். உரித்த கோழி மாதிரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். போதகர் எண்ணெய்க் குப்பியோடு வந்திருந்தார். கட்டிலுக்கு ஒரு பக்கம் மகன், மறுபக்கம் மருமகள், கால்மாட்டில் ஏதோ குழாயைச் சரிசெய்துகொண்டு ஒரு நர்ஸ்.

முதலில் வழக்கமான பாவங்கள்தான் வந்தன. கோபம், பெருமை, பொறுமையின்மை. நாலு பேர் நடுவில் கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்ளக்கூடிய பாவங்கள். கேட்கிறவனுக்குச் சொல்கிறவன் மேல் மதிப்புக் கூடுமே தவிரக் குறையாது. ஒவ்வொன்றுக்கும் போதகர் கண்ணை மூடியபடி "ஸ்தோத்திரம்" போட்டுக்கொண்டிருந்தார். பிறகு பெரியவரின் தாடை நடுங்கத் தொடங்கியது.

"தம்பி அன்னிக்குக் குடிக்கல," என்றார். "நான்தான் தனியாத் தூக்கச் சொன்னேன்."

அதற்குப் போதகரிடமிருந்து ஸ்தோத்திரம் வரவில்லை. நர்ஸ்கூட நிமிர்ந்து பார்த்தாள்.

தம்பியின் கை போன கதை சபையில் எல்லாருக்கும் தெரியும். அதாவது, பெரியவர் சொன்ன கதை தெரியும். நடந்தது இதுதான்: ஆள் உயரத்துக்கு மேல் இருக்கிற கண்ணாடித் தகட்டை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்குவார்கள். அன்றைக்கு வாடிக்கையாளர் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு அவசரப்படுத்தினார். வேலையாள் சாப்பிடப் போயிருந்தான். பெரியவர் சொல்ல, தம்பி ஒற்றை ஆளாகத் தூக்கினார். தகடு நழுவி மணிக்கட்டோடு இறங்கியது. உயிர் தப்பியது. ஆனால் வலது கை விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. காயத்துக்குத் தையல் போட்டு முடிப்பதற்குள் பெரியவர், தம்பி குடித்துவிட்டு வந்து தகட்டில் கைவைத்தான் என்று வெளியே சொல்லி முடித்துவிட்டார். தன் கடையில், தன் பேச்சைக் கேட்டுக் கை போனவனை ஆயுசுக்கும் தாங்க வேண்டும். குடிகாரனைத் தாங்க வேண்டியதில்லை; அவனுக்காக ஜெபித்தால் போதும். சபையும் சலிக்காமல் ஜெபித்தது. சபை வாலிபர்கள் அவருக்குத் 'தண்ணி வண்டி' என்று பேர் வைத்தார்கள். ஒருநாள் அவர் சபைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். பார்த்தீர்களா, குடி எங்கே கொண்டுபோய் விட்டது என்று அதற்கும் ஒரு ஜெபம் நடந்தது.

போதகர் சுதாரித்துக்கொண்டு பெரியவரின் நெற்றியில் எண்ணெய் தடவினார். உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன, சமாதானத்தோடே இரு என்றார். பெரியவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். மகனும் அழுதான். மருமகளும் அழுதாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த மனிதர்மேல் அவளுக்குப் பரிதாபம் வந்தது அன்றைக்கு ஒருமுறைதான். அந்தக் கண்ணீரை நினைத்துத்தான் பிற்பாடு அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏனென்றால் பெரியவர் சாகவில்லை.

கண் விழித்ததும் கடையை யார் திறந்தார்கள் என்று கேட்டார். சாப்பாட்டில் உப்பில்லை என்று நர்ஸைத் திட்டினார். வீட்டுக்கு வந்த பிறகு மருமகள்தான் காயத்துக்கு மருந்து வைத்தாள், மாத்திரையை வேளை பார்த்துக் கொடுத்தாள், கடையில் ஆர்டர் மேசையையும் பார்த்துக்கொண்டாள். இன்றைக்குச் சொல்வார், நாளைக்குத் தம்பி வீட்டுக்குப் போவோம் என்பார் என்று காத்திருந்தாள். பெரியவரோ சட்டையை எடுத்து இஸ்திரி போடச் சொன்னார், நன்றி ஆராதனையில் சாட்சி சொல்வதற்கு.

சாட்சி என்றால் அப்படி ஒரு சாட்சி. டாக்டர்கள் கைவிட்டார்கள் என்றார். எந்த டாக்டரும் கைவிடவில்லை. ஆபரேஷன் அறையில் ஒரு வெளிச்சத்தைக் கண்டேன் என்றார். அது இல்லாமல் எப்படி அறுப்பார்கள் என்று மருமகள் நினைத்துக்கொண்டாள். என் பாவங்கள் கடற்கரை மணலைப் போலிருந்தன என்று சொல்லித் தொண்டை அடைத்து நின்றார். அந்த மணலில் ஒரு துகளைக்கூட எடுத்துக் காட்டவில்லை. மனுஷன் எப்படி மாறிவிட்டார் பாருங்கள் என்று பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். வெளியே வந்ததும் 'மாறிவிட்டவர்', வண்டியைத் தள்ளி நிறுத்தியதற்காக மகனை எல்லார் முன்னாலும் கழுதை என்றார்.

அன்று மத்தியானம் மருமகள் தண்ணீர் டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு நேராகவே கேட்டாள்.

"மாமா, சின்ன மாமாவை எப்போ போய்ப் பாக்கப் போறீங்க?"

"எதுக்கு?"

"ஆஸ்பத்திரில சொன்னீங்களே."

"அது எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல உள்ளது. அவரு மன்னிச்சு மறந்துட்டாரு. நீ ஏன் ஞாபகம் வச்சிருக்கே?" என்று மாத்திரையை விழுங்கினார்.

புருஷன் அவளைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய், அப்பாவுக்கு டென்ஷன் ஆகக் கூடாது என்றான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அதுவே சட்டமாயிற்று. பெரியவர் கத்தலாம், தட்டைத் தள்ளலாம், கடைப் பையனின் காதைத் திருகலாம்; அதெல்லாம் இதயத்தை ஒன்றும் செய்யாது. உண்மையைப் பேசினால் மட்டும் படபடப்பு வந்துவிடும். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சாய்ந்துவிடுவார். புருஷன் விசிறிக்கு ஓடுவான். இப்படி ஒரு அப்பனுக்கு இப்படித்தான் பிள்ளை பிறக்கும் என்று அவள் பாத்திரத்தைக் கழுவினாள்.

போதகரிடம் போனாள். அவர் ஆலயத்தில் நின்று ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் புதுக் கண்ணாடி. பெரியவர் பிழைத்ததற்கான காணிக்கை. நோயாளி படுக்கையில் சொன்னதை வெளியே பேசுவது முறையல்ல, அது ரகசிய அறிக்கை என்றார் போதகர். ஐயா, நர்ஸ் உட்பட நாலு பேர் நின்று கேட்ட ரகசியமா என்று கேட்டாள். அவர் குரலைத் தாழ்த்தி, மனந்திரும்புதல் என்பது உள்ளே நடக்கிற கிரியை, நாம் வெளியிலிருந்து அளந்து பார்க்க முடியாது என்றார்.

"மனசு திரும்பியிருக்கும் ஐயா," என்றாள். "கால்தான் இன்னும் தம்பி வீட்டுப் பக்கம் திரும்பல."

போதகர் சிரித்துவிட்டு உடனே சிரிப்பை அடக்கிக்கொண்டார். அதற்குமேல் அவரிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஜன்னல் பளபளவென்று இருந்தது.

இவர்கள் யாரும் வேண்டாம், நானே போகிறேன் என்று மறுநாள் கிளம்பிவிட்டாள். சின்ன மாமா ஒரு வணிக வளாகத்தின் அடித்தளத்தில், வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தார். பெட்டி மாதிரி ஒரு கூண்டு. மடங்காத வலது கை விரல்களால் சீட்டுக் கட்டை மேசையோடு அழுத்திக்கொண்டு இடது கையால் கிழித்துக் கொடுத்தார். புகையும் டயர் வாடையும் மண்டையைப் பிடித்தன. போகிற வழியெல்லாம் அவளுக்கு ஒரு மிதப்பு இருந்தது. யாரும் கொடுக்காததை நான் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன், அவர் கண் கலங்குவார், நான் ஆறுதல் சொல்வேன் என்றெல்லாம் நினைத்துக்கொண்டே போயிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் நடுவில் இரண்டு வண்டிகளுக்குச் சீட்டுக் கிழித்தார்.

"நான் குடிக்கலைங்கறது எனக்குத் தெரியாதாம்மா?" என்றார். "அதை என்கிட்ட வந்து எதுக்குச் சொல்றே? நம்பினவங்ககிட்டல்ல சொல்லணும்."

அவர்களிடம்தான் மாமா சொல்லமாட்டேன் என்கிறாரே என்று ஆரம்பித்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உங்க மாமாவை விடு. நீ நம்பலையா?"

கோபமாகக் கேட்கவில்லை. அடுத்த வண்டியைப் பார்த்துக்கொண்டே, மணி என்ன என்று கேட்பதுபோலக் கேட்டார். அவளுக்குக் காது மடல் சுட்டது. கை போன புதிதில் நடந்தது அது, அவளுக்கு மகள் பிறந்திருந்த சமயம். சின்ன மாமா கையில் கட்டோடு குழந்தையைப் பார்க்க வந்தார். இடது கையை நீட்டி, இந்தக் கையால் தூக்கிக்கறேன், விழாது என்றார். அவள் கொடுத்தாள். கொடுத்த வேகத்தில், வாடை அடிக்குது என்று மூக்கைச் சுளித்துப் பிடுங்கிக்கொண்டாள். அறையில் மாமியாரும் சபைப் பெண்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். ஒரு வாடையும் அடிக்கவில்லை. சோப்பு வாசனைதான் வந்தது, பிள்ளையைப் பார்க்கக் குளித்துவிட்டு வந்திருந்தார். புது மருமகளாக இருந்தவள், வீட்டுப் பெரியவரின் பேச்சுக்கு ஒத்து ஊதினால் நல்ல பேர் கிடைக்கும் என்று ஊதினாள். கிடைக்கவும் செய்தது.

சின்ன மாமா அதைச் சொல்லிக்காட்டவில்லை. "வீட்டுக்குப் போம்மா, புகை ஆகாது," என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும்போது பெரியவர்மேல் இருந்த அருவருப்பு கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் அது இப்போது பங்கு போட்டுக்கொண்டு பாதி அவள் பக்கமும் வந்து உட்கார்ந்திருந்தது. பெரியவராவது சாவு வந்து கழுத்தைப் பிடித்தபோது ஒரு தடவை வாயைத் திறந்தார். எனக்கு என் பொய் ஞாபகத்துக்குக்கூட வரவில்லையே என்று நினைத்தாள். மற்றவர் மனந்திரும்பாததைக் கணக்கெடுக்கிற வேலை சுகமாகத்தான் இருந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் அவள் எழுந்தாள். வழக்கமாகப் பிள்ளை பாஸானது, தலைவலி நின்றது இந்த மாதிரிதான் வரும். பெரியவர் முன்வரிசையில், கிட்டத்தட்ட மேடைக்கு உரியவர்போல, உட்கார்ந்திருந்தார். அவருடைய பொய்யிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றுதான் மனதில் கோத்துக்கொண்டு வந்திருந்தாள். வாய் வேறு இடத்தில் ஆரம்பித்தது.

"எங்க சின்ன மாமா என் பிள்ளையைத் தூக்கினப்போ, வாடை அடிக்குதுன்னு சொல்லிப் பிடுங்கினேன். நான் சொன்னது பொய். ஒரு வாடையும் அடிக்கல. அவர் என்னைக்குமே குடிச்சதில்ல. கை போன அன்னிக்கு அவரைத் தனியாத் தூக்கச் சொன்னது எங்க மாமா. ஆஸ்பத்திரில அவரே சொன்னாரு, பாஸ்டர் ஐயாவும் பக்கத்துல நின்னு கேட்டாரு."

உட்கார்ந்துவிட்டாள். சொன்னதில் பாதி மனவருத்தம், பாதி விஷம் என்று அவளுக்கே தெரிந்தது. விஷத்தை வடிகட்டிவிட்டுத்தான் பேச வேண்டும் என்றால் இன்னும் பத்து வருஷம் ஆகும். போதகர் எழுந்து, புத்தகத்தில் இல்லாத ஒரு பாட்டு எண்ணை அறிவித்தார். சபை பக்கத்தைத் தேடிக்கொண்டே இருந்தது. பெரியவர் நெஞ்சில் கை வைத்தார். புருஷன் எழுந்திருக்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வெளியே இரண்டு பெண்கள், வீட்டு அழுக்கை ஆலயத்தில் துவைக்கலாமா என்று புத்தி சொன்னார்கள். பெரியவர் அவளுக்குள் கலக ஆவி புகுந்துவிட்டது என்று வீட்டுக்கு வந்தவரிடமெல்லாம் சொன்னார், அவள் வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே. சபையிலிருந்து ஒருவர்கூட அந்த அடித்தளத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சபையில் பேசியதை மருமகள்தான் போய்ச் சொன்னாள். நம்பினாங்களா என்று சின்ன மாமா கேட்டார். தெரியல மாமா என்றாள்.

"குடிச்சேன்னு சொன்னப்போ மட்டும் உடனே நம்பினாங்க," என்றார். அதைச் சொல்லும்போது சிரித்தார். பிறகு, பிள்ளை என்ன வகுப்பு படிக்குது என்று விசாரித்தார். அடுத்த வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். அவரால் தூக்க முடியாத அளவுக்கு அவள் வளர்ந்துவிட்டிருந்தாள்.

பெரியவரிடம் மாற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. சாட்சி சொல்வதை மட்டும் நிறுத்தியிருந்தார். இனி பாவ மணலைப் பற்றிப் பேசினால் யாராவது துகளைக் காட்டச் சொல்லிவிடுவார்கள் என்கிற பயமாக இருக்கும் என்றுதான் மருமகள் நினைத்தாள்.

கடைக்குப் பழைய வாடிக்கையாளர் ஒருவர் குளியலறைக் கண்ணாடி மாற்ற வந்தார். அளவு சொல்லிக்கொண்டே பேச்சுவாக்கில், இங்கே உங்கள் தம்பி ஒருத்தர் இருப்பாரே, குடிச்சுட்டுக் கையை அறுத்துக்கிட்டவர், உயிரோடுதான் இருக்காரா என்று கேட்டார். மருமகள் மேசையிலிருந்து நிமிரவில்லை. பெரியவர் தகட்டின்மேல் அளவுகோலை வைத்துக் குனிந்திருந்தார். பக்கத்தில் போதகர் இல்லை, எண்ணெய் இல்லை, கேட்டு அழுவதற்கு ஒரு ஆளும் இல்லை.

"அவன் குடிக்கல," என்றார் எரிச்சலோடு. "நான் தனியாத் தூக்கச் சொன்னேன். தப்பு என்னோடது."

"ஓ, அப்படியா," என்றார் வாடிக்கையாளர். "கண்ணாடி வெள்ளிக்கிழமைக்குள்ள கிடைச்சிடுமா?"

கிடைக்கும் என்றார் பெரியவர். தலையைத் தூக்காமலேயே வைரக் கத்தியால் கோடு இழுத்தார். கோடு கோணிக்கொண்டு போனது. வெட்டிய துண்டு வீணாகிவிட்டது. வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மனுஷன் எப்படி வெட்டுவது என்று மருமகளைப் பார்த்து எரிந்து விழுந்தார். அவள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அந்த மனிதரை அவளுக்கு இன்னமும் பிடிக்கவில்லை. இருந்தாலும், அன்றைக்கு முதல்முறையாக அவர் பேச்சைக் கேட்டு அவளுக்குக் குமட்டவில்லை.