வேலிக்கு அந்தப் பக்கக் கொப்பு

தியாகராசாவுக்கு ரோசம் வந்தால் சும்மா வராது, கத்தியோடுதான் வரும். ஏழு வருடத்துக்கு முன் பக்கத்து வளவு அருமைநாயகி, "தம்பி, உன்ரை மாமரத்துச் சருகெல்லாம் என்ரை கிணத்துக்கைதான் கிடக்குது" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மனுசன் அன்றைக்கே ஏணி வைத்து, தகர வேலிக்கு மேலால் போன கொப்புகளை ஒன்று விடாமல் வெட்டிவிட்டார். "இனி ஒரு சருகு விழட்டும் பாப்பம்!" அதோடு கதை பேச்சும் நின்றது. பிறகு வருடா வருடம் அந்தப் பக்கம் துளிர் தலைகாட்டினாலே வெட்டுத்தான்.

தன் பக்கத்தில் ஒரு குச்சியைக்கூடத் தொடமாட்டார். போரில் இடம்பெயர்ந்து இருபத்தேழு வருடம் கழித்து மயிலிட்டிக்குத் திரும்பியபோது வீடு தரைமட்டம். இந்தக் கறுத்தக்கொழும்பான் மாமரம் மட்டும் நின்றது. அதைக் கண்டுதான் தன் காணியை அடையாளம் பிடித்தார். கட்டிப்பிடித்து அழுதார். புது வீட்டையும் அதன் நிழலிலேயே கட்டினார்.

இந்த ஐப்பசியில் வேலிக்கு அந்தப் பக்கக் கொப்பைக் கழிக்கக் கூப்பிட்ட மரம்வெட்டி அடைக்கலநாதன் மரத்தை இரண்டு தரம் சுற்றி வந்தான்.

"ஐயா, ஒரு பக்கமே வெட்டி வெட்டிப் பாரம் முழுக்க உங்கடை கூரைப் பக்கம் வந்திட்டுது. மரம் சரியத் தொடங்கீட்டுது. மாரிக் காத்துக்கு விழுந்தா நீங்கள் படுக்கிற அறைக்கு மேலைதான்."

"அப்ப அடியோடை தறிச்சு விடுங்கோ" என்றாள் மனைவி சுபாஜினி, நெஞ்சில் கை வைத்து.

"ஐயோ, தறிக்கிறதோ!" தியாகராசா ஓடிப்போய் மரத்தைப் பிடித்துக்கொண்டார். "வேறை வழி இல்லையோ?"

"இருக்கு. உங்கடை பக்கத்தைப் பாதியாக் கழிப்பன். அங்காலை வாற துளிரை இனித் தொடக்கூடாது. ரண்டு மூண்டு வருசத்திலை சமப்படும். ஆனா அந்த வளவுக்காரரிட்டைக் கேக்கவேணும்."

ஏழு வருடம் முகம் கொடுக்காத மனுசியிடம் கேட்பதா! முற்றத்தை நாலு தரம் அளந்தார். மரத்தைப் பார்த்தார். பிறகு போய் அருமைநாயகியின் படலையைத் திறந்தார்.

"அக்கா... ஒரு கொப்பு உங்கடை பக்கம் விடவேணும். இல்லாட்டி மரத்தைத் தறிக்கவேண்டி வரும். கிணத்துக்கை விழுற சருகை நானே வந்து அள்ளிவிடுறன்."

மீன் வெட்டிக்கொண்டிருந்த அருமைநாயகி நிமிர்ந்தார். "கிணத்தைப் போய்ப் பார்."

பார்த்தார். கிணற்று வாயை மூடிப் பழைய மீன்வலை இழுத்துக் கட்டியிருந்தது. வெயிலில் வெளுத்து நைந்துபோன வலை.

"உன்னட்டைச் சொன்ன கிழமையே மகன் கட்டிப்போட்டான். நீ வருசா வருசம் வெட்ட வெட்ட நான் பாத்துக்கொண்டுதான் இருந்தன். சொல்ல விட்டியோ? றோட்டிலை கண்டா மற்றப் பக்கம் திரும்பிற ஆள்."

தியாகராசா வலையைத் தொட்டுப் பார்த்தார். வெட்கமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"சரி, அழாதை. கோபத்திலை அறுத்த மூக்கெண்டா திரும்பி வராது. இது கொப்புத்தானே, வரும். ஆனா சொல்லிப்போட்டன், இஞ்சாலை காய்க்கிற மாங்காய் எனக்குத்தான்."

"ஓமக்கா, நானே ஆய்ஞ்சு தாறன்."

தை மாதம் வேலிக்கு மேலால் செம்பு நிறத்தில் ஒரு துளிர் நீட்டியது. பழக்கதோசம், தியாகராசாவின் கை கத்தியைத் தேடியது. சட்டென்று நின்றார்.

"அக்கா! துளிர் வந்திட்டுது!"

"கத்தாதை" என்றது வேலிக்கு அப்பாலிருந்து குரல். "நான் முந்தாநாளே கண்டிட்டன்."