மணி அடிக்கும் வரை

இஞ்சோன் துறைமுக நகரத்து நூற்பாலைப் பெண்களுக்குப் போதகர் மேங் ஹாக்சுவைக் கண்டாலே ஆகாது. கம்பெனி போடும் மாட்டெலும்பு சூப்புக்காகத்தான் அவர் புதன்தோறும் பிரசங்கிக்க வருகிறார் என்பார்கள். அது பொய்யில்லை என்பதுதான் அவருடைய வருத்தம்.

"இன்னைக்கும் 'கீழ்ப்படியுங்கள்' பிரசங்கம்தானே, போதகரய்யா?" என்றாள் ஒருத்தி. "சூப் ஆறிடப்போவுது, சீக்கிரம் முடிங்க!"

அவர் அசடு வழியச் சிரித்தார்.

மேலாளர் க்வாக் அவர் காதருகே வந்தார். "அனுமதிச் சீட்டு வாங்காம கழிப்பறைக்குப் போனாளே போங்னே, ஜெபம் முடிஞ்சு மணி அடிச்சதும் எல்லார் முன்னாடியும் முழங்கால் போட்டு மன்னிப்புக் கேக்கணும். இல்லேன்னா இன்னையோட வெளியே."

மனிதன் கடவுளின் சாயல், ஆகவே மேலாளருக்குக் கீழ்ப்படியுங்கள் என்று பிரசங்கத்தை ஒப்பேற்றினார் மேங். இந்த 'ஆகவே' எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. பிறகு ஜெபம். எல்லாரும் ஒரே நேரத்தில் உரக்கக் கத்தி ஜெபிக்க வேண்டும். போதகர் மணி அடித்தால்தான் நிறுத்தலாம். அதுவரை கண் திறப்பவர் பெயர் எழுதப்படும் என்பது க்வாக் போட்ட சட்டம். நாட்டில் நாலு பேர் கூடிப் பேசத் தடை இருந்த காலம், ஜெபத்துக்குத் தடையில்லை.

இருநூறு குரல்கள் எழுந்தன. முன்வரிசையில் போங்னேயின் குரல் அவர் முகத்தில் அறைந்தது.

"ஆண்டவரே, உம்ம சாயல்ல என்னைப் படைச்சீராம்! உம்ம சாயல் ஒண்ணுக்குப் போக இந்த க்வாக் கிட்ட சீட்டு வாங்கணுமா?"

மேங்கின் கை மணியிடம் போனது. மணியின் நாக்கை இறுகப் பிடித்துக்கொண்டது.

ஐந்து நிமிடம். பத்து. இயந்திரங்கள் சும்மா நின்றன.

"அடிய்யா மணியை! கப்பலுக்குப் போற சரக்குய்யா!" க்வாக்கின் மூச்சு அவர் கன்னத்தில் சுட்டது. மேங் பிடியை விடவில்லை. கண்களை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"ஏய், நிறுத்துங்கடி!" சட்டத்துக்குக் கீழ்ப்படிந்த இருநூறு பேரும் கண்ணைத் திறக்கவில்லை, இன்னும் உரக்க ஜெபித்தார்கள்.

இருபதாவது நிமிடம் க்வாக் பெஞ்சில் ஏறித் தொண்டை கிழியக் கத்தினார். "மன்னிப்பும் வேணாம், மண்ணும் வேணாம்! போங்னே வேலையில..."

மேங் மணியை அடித்தார். சட்டென்று விழுந்த அமைதியில் மிச்சம் தனியாக ஒலித்தது.

"...இருந்து தொலையட்டும்!"

இருநூறு ஜோடிக் கண்கள் திறந்து க்வாக்கையே பார்த்தன.

க்வாக் மெல்லக் கீழே இறங்கினார். "அடுத்த புதன் நீ இந்த வாசல்ல கால் வெச்சே..."

"வரல," என்றார் மேங். சூப்பும் போயிற்று.

வாசலில் போங்னே எதிர்ப்பட்டாள். முகத்தில் கடுப்பு குறையவில்லை.

"மூணு வருஷத்துல இன்னைக்குத்தான் உருப்படியா பிரசங்கம் பண்ணீங்க, போதகரய்யா. வாயைத் தெறக்கல பாருங்க."