நான்காவது தட்டு

இறைச்சி ஆலையின் எலும்பு அறுக்கும் கூடத்தில் ரம்பம் ஓடும்போது பேச்சு எடுபடாது. சுவரில் மாட்டிய ஒலிபெருக்கிகள் மட்டுமே அதை மிஞ்சிக் கத்தும். அதனால் அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டதெல்லாம் வானொலி வழியாகத்தான். உள்ளூர் நிலையம் நாள் முழுக்கப் பழைய மெல்லிசை போடும். பாட்டின் தாளத்தில் மூன்று தட்டுக்குத் தம்பி உறைந்த தொடையை ரம்பத்துக்குள் தள்ளுவான். நான்காவது தட்டில் கையை எடுப்பான். அக்கா எதிர்ப்பக்கத்திலிருந்து வெடுக்கென்று இழுப்பாள். ஒன்பது வருடமாக இரண்டு பேருக்கும் இருபது விரலும் பத்திரமாக இருந்தன.

திங்கட்கிழமை காலையில் நிலையம் மாறிவிட்டது. சளி கட்டிய குரலில் பாட்டின் பெயர் சொல்லும் பெரியவரைக் காணோம். "அழுமூஞ்சிப் பாட்டுக்கெல்லாம் டாட்டா. இனிமே நாள் பூரா அடி, இடிதான்" என்று வேறு யாரோ கத்தினான். கூடவே, மத்தளக் கூட்டமே மாடிப்படியில் உருண்டு விழுந்ததுபோல் ஒரு சத்தம்.

ரம்பம் நின்ற இடைவேளையில் அக்கா மேற்பார்வையாளரிடம் போனாள். அவனுக்குக் கூடத்தில் 'கடிவாளம்' என்று பெயர். வானொலி அவன் மேசைக்கு மேலே கம்பிக்கூண்டில் பூட்டியிருந்தது.

"ரேடியோவ அணைச்சிடுங்க சார். கை தடுமாறுது."

"காலையிலேர்ந்து நாப்பது பெட்டி கூடப் போயிருக்கு. கை நல்லாத்தான் ஓடுது."

"ஓடுறது என் தம்பி கை சார்."

"அப்ப அவனுக்கு வாழ்த்து சொல்லு."

ரம்பம் மறுபடி ஓடும்முன் அக்காவும் தம்பியும் காதில் அடைக்கப் பஞ்சு உருட்டினார்கள்.

"இந்தப் பாட்டுக்கு அறுத்தா நாமதாங்க்கா பெட்டியில போவோம்."

"வாய மூடு. கண்ண என் மேலயே வை."

"ஒம்போது வருஷமாப் பாத்த மூஞ்சி. புதுசா என்ன இருக்கு?"

ஆனாலும் வைத்தான். அவள் கண்ணை இமைத்தால் கையை எடுத்தான். இரண்டு நாள் அப்படியே ஓடியது.

மூன்றாம் நாள் மத்தியானம் தம்பியின் முகம் மலர்ந்தது. பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவளையும் எடுக்கச் சொல்லிச் சைகை காட்டினான். எடுத்தாள். அவர்களுடைய பாட்டு. படகுபோல அசைந்து அசைந்து வரும் அதே புல்லாங்குழல். தோள்கள் இறங்கின. பார்வை விலகியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. முதல் சரணம்வரை எல்லாம் பழையபடி.

பிறகு யாரோ பாட்டின் முதுகெலும்பை முறித்தார்கள். புல்லாங்குழலுக்கு அடியில் அந்த மத்தள இடி புகுந்து தாளம் இரட்டித்தது. அக்காவின் கை புதுத் தாளத்தில் நான்கு எண்ணி இழுத்தது. தம்பியின் கை இன்னும் பழைய பாட்டில் இருந்தது.

ரம்பத்தின் சத்தம் மாறவில்லை. அதற்கு எல்லா எலும்பும் ஒன்றுதான். ரத்தம் அவள் கண்ணில் அடித்தது. துடைத்துவிட்டுப் பார்த்தபோது தம்பியின் இரண்டு விரல்கள் இறைச்சித் துண்டுகளோடு கன்வேயரில் ஏறி, கோடியில் இருந்த அரவை இயந்திரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

நிறுத்தும் பொத்தான் கடிவாளத்தின் மேசையில் இருந்தது. ஓடினாள்.

"நிறுத்துங்க சார், விரல் போகுது."

அவன் காதருகே கையைக் குவித்தான். அவளுக்குப் பின்னால் தம்பி சுவரில் சரிவதைப் பார்த்தான். பார்த்துவிட்டுப் பொத்தான்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டான்.

"மொதல்ல அவன வெளிய கூட்டிட்டுப் போ. லைன் நிக்கக் கூடாது."

அவள் இடுப்பில் இறைச்சி இழுக்கும் கொக்கி இருந்தது. அதன் பிடியால் அவன் வாயில் அடித்தாள். பல் உடைந்து மேசையில் தெறித்தது. கை நகரவில்லை. கொக்கியைத் திருப்பிப் பிடித்து, அந்தப் புறங்கையில் முழு பலத்தோடு இறக்கினாள். முனை கையைத் துளைத்துப் பொத்தானையும் அழுத்தியது.

கன்வேயர் நின்றது. ரம்பமும் நின்றது. கடிவாளத்தின் அலறலுக்கு மேலே வானொலி பாடிக்கொண்டிருந்தது.

அரவை இயந்திரத்தின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் விரல்களைக் கண்டெடுத்தாள். பனிக்கட்டிப் பையில் போட்டு முடிந்தாள். தம்பியின் கையை ஏப்ரனால் இறுக்கிக் கட்டிவிட்டு, பையைப் பிடித்தபடி வண்டிக்காக அவன் பக்கத்தில் நின்றாள்.

தம்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான். ரத்தத்தில் அவளுடைய பூட்ஸ் முனை தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு. "காலை நிறுத்து."