ராஜாளியின் வாலில் எட்டுத் துளைகள்

என் தம்பி ராஜாளியை ஓட்டுவதற்கு இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தது. ஷெட்டில் அதற்குள்ளாகவே கேக் வெட்டிவிட்டார்கள். கேக்கும் கார் வடிவத்தில்தான். சக்கரங்களுக்கு பிஸ்கட்.

அந்தக் காருக்கு ராஜாளி என்று பெயர் வைத்தவர் ஒரு பத்திரிகைக்காரர். அவர் அதில் உட்கார்ந்ததுகூட இல்லை. கம்பெனியில் அதற்கு 'மாதிரி மூன்று' என்றுதான் பெயர். முப்பது வருடங்களுக்கு முன்னால் ஒன்றே ஒன்று செய்தார்கள். சோதனை ஓட்டத்தோடு சரி, விற்பனைக்கு வரவில்லை. வராததுதான் அதன் பெருமை. வந்திருந்தால் நாலு பேர் வாங்கி, பெட்ரோல் குடிக்கிறது, கதவு கிறீச்சிடுகிறது என்று திட்டித் தீர்த்து, பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள். வராத காரைக் குறை சொல்ல ஆளில்லை.

எங்கள் அப்பாதான் அதன் தலைமை இன்ஜினியர். ரசிகர் மன்றத்தில் அவருக்கு 'சீஃப்' என்று பெயர். ஆமாம், காருக்கு ரசிகர் மன்றம். மாதத்தின் முதல் ஞாயிறு சீஃப் பேசுவார். இருநூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் தண்டவாளத்தில் போகிற மாதிரி போனது என்பார். கம்பெனியின் கணக்கு அதிகாரி செலவைப் பார்த்து நடுங்கிப்போய்த் திட்டத்தையே கொன்றுவிட்டார் என்பார். உடனே எல்லோரும் சேர்ந்து அந்த மனிதரைத் திட்டுவார்கள். அவர் செத்துப்போய் ஆறு வருடம் ஆகிறது. மன்றத்தில் டீக்குக் காசு கொடுக்காமல் நழுவுகிறவனுக்கு இன்றைக்கும் 'கணக்கர்' என்றுதான் பட்டம். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

மன்றத் தலைவர் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். பழைய இரும்புக் கடை ஒன்றில், உள்ளே கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த நிலையில், ராஜாளியின் கூட்டைக் கண்டுபிடித்து வாங்கியவர் அவர்தான். எல்லோருமாகச் சேர்ந்து மூன்று வருடம் செப்பனிட்டார்கள். என்ஜின் இல்லை, பழையதைவிடப் பெரியதாக ஒன்றைத் திணித்தார்கள். மற்றதெல்லாம் அன்றைக்குக் கம்பெனி எடுத்து, இப்போது சுவரில் மாட்டியிருந்த புகைப்படத்தைப் பார்த்துத்தான். படத்தில் பின்பக்கம் வழவழவென்று இருந்தது. துருவைச் சுரண்டியபோது காரின் பின்மூடியில் இரண்டு வரிசையாக எட்டுத் துளைகள் தெரிந்தன. படத்தில் இல்லாத துளை காரில் இருக்கலாமா? புட்டிப் பசை வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்துவிட்டார்கள்.

"அந்தத் துளையில என்னப்பா இருந்துச்சு?" என்று அப்போதே கேட்டேன்.

"நம்பர் பிளேட்டும்மா."

எங்கள் வீட்டு வாசல் கதவே ஆறு ஸ்க்ரூவில் நிற்கிறது.

நான் இயற்பியல் படித்தவள். டயர் தொழிற்சாலை ஆய்வகத்தில் வேலை. ரப்பர் துண்டுகளைக் கிழியும்வரை இழுத்துப் பார்ப்பேன். கார்களைப் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் அந்த உருவத்தின் மேல் காற்று வேகமாகப் போனால் வால் மேலே தூக்கும் என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. எட்டு போல்ட்டில் நின்றது வாலைக் கீழே அழுத்தும் ஒரு பலகையாகத்தான் இருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பலகை இல்லாமல் இருநூறைத் தாண்டினால் பின் சக்கரங்கள் தரையை மறந்துவிடும். நாளைக் காலை இருநூற்றைம்பதில் போகும் என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். இடம், பழைய விமான ஓடுபாதை. பொருத்தமான இடம்தான்.

கேக் தட்டோடு டைல்ஸ்காரரிடம் போனேன். நாலு பேர் பார்க்கிற இடத்தில் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"சார், பின்னால ஒரு பலகை வைக்கணும். இல்லேன்னா தூக்கிடும்."

"எதும்மா தூக்கும்?"

"பின் சக்கரம். காத்து வந்து..."

"டேய், சயின்ஸுக்குக் காத்தடிக்குதாம், அந்த ஷட்டரை இறக்குங்கடா!"

ஷெட்டே சிரித்தது. அங்கே என் பெயர் சயின்ஸ்.

"படத்துல பலகை இருக்கா? இல்லல்ல? அசலை மாத்தக் கூடாதும்மா, பாவம்!" அப்பா பக்கம் திரும்பினார். "சீஃப், உங்க பொண்ணு உங்க காருலயே குறை கண்டுபிடிக்குது. கேட்டீங்களா?"

அப்பா தட்டிலிருந்த கேக்கைப் பார்த்துச் சிரித்தார். "சின்னப் பொண்ணு. விடுங்க."

எனக்கு இருபத்தேழு வயது.

தம்பி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனான். அவன் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறவன். நடுங்கும் கைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாள் முழுக்க பிரேக்கில் காலை வைத்திருப்பதுதான் வேலை.

"கெடுத்துடாதக்கா. வருஷம் பூரா முப்பதுலயே போறேன். ஒரே ஒரு நாள் விடேன்."

"கவுந்துடும்டா."

"அப்பா செஞ்ச காருக்கா. அப்படி ஏதாவது இருந்தா அவரு சொல்ல மாட்டாரா?"

அதைத்தான் நானும் மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மூன்று வருடத்தில் அப்பா ஒருமுறைகூட ராஜாளியின் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்காரவில்லை. கேட்டால் முட்டி வலி. மாடி மாடியாக ஏறி வீட்டுக்கு வருகிற அதே முட்டி.

"அப்ப அப்பாவும் பக்கத்து சீட்ல உக்காரட்டும்" என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

டைல்ஸ்காரர் கைதட்டினார். "சபாஷ் சயின்ஸ்! இத்தனை நாள்ல இதான் உருப்படியா ஒரு வார்த்தை. அப்பன் செஞ்ச காரு, புள்ளை ஓட்டுறான், அப்பன் பக்கத்துல! எப்பேர்ப்பட்ட போட்டோ!"

"முட்டி மடங்காதுங்க" என்றார் அப்பா.

"நாங்க தூக்கி வைக்கிறோம் சீஃப்."

"பிரஷர் வேற இருக்கு."

"டாக்டரை ஓடுபாதையிலயே நிறுத்திடறேன்."

"ஹெல்மெட் எனக்குச் சேராது."

"என்ன சைஸ்னு மட்டும் சொல்லுங்க!"

பெற்ற பிள்ளையைவிட மேலாக மேடையில் கொண்டாடிய காரில் ஏறுவதற்கு ஒரு மனிதருக்கு இத்தனை சங்கடம். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் உருகினார்கள்.

தம்பிதான் குறுக்கே வந்தான். "விடுங்க சார். அப்பாவுக்கு முடியலேன்னா வேணாம். நான் பாத்துக்கறேன்."

அப்பாவின் முகத்தில் ரத்தம் திரும்பியது. ஒரு பிஸ்கட் சக்கரத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. தன் உடம்பு தப்பினால் போதும் என்றிருக்கும் ஆளிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது.

தம்பி காருக்குள் ஏறி உட்கார்ந்தான். கண்ணாடியைச் சரிசெய்தான். பெல்ட்டை மாட்டினான். தன்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே வரிசை, அதே ஒழுங்கு. பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"அப்பா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இருநூறு தாண்டினதும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்கணுமா, தளர்த்திப் பிடிக்கணுமா?"

புதிதாக ஓட்டக் கற்கிறவர் முதல் நாளே கேட்கிற கேள்வி. தண்டவாளக் கதையில் அதற்குப் பதில் இல்லை.

"சொல்லுங்க சீஃப்" என்று டைல்ஸ்காரர் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்க ஆரம்பித்தார்.

"இறுக்கி..." என்றார் அப்பா. "இல்ல, கொஞ்சம் தளர்த்தி..."

தம்பி இரண்டு விதமாகவும் பிடித்துப் பார்த்தான். "எதுப்பா?"

அப்பா தட்டைக் கீழே வைத்தார். காரைச் சுற்றிப் பின்பக்கம் போனார். மூன்று கோட்டிங் பெயின்ட்டுக்கு அடியில் இருந்த துளைகளின் மேல், தேடாமல், சரியாகக் கையை வைத்தார்.

"இறங்குடா."

"என்னப்பா?"

"எப்படிப் பிடிச்சாலும் நிக்காது. இங்க ஒரு பலகை இருந்துச்சு. போட்டோவுக்கு அசிங்கமா இருக்குன்னு அன்னைக்குக் கழட்டி, துளைய மெழுகு வச்சு மறைச்சோம். அது இருந்தப்பவே நிக்கல. நான்தான் ஓட்டினேன். நேராத்தான் பிடிச்சிட்டிருந்தேன், வால் முன்னால வந்துடுச்சு. ரெண்டு சுத்து சுத்தி நின்னுச்சு."

டைல்ஸ்காரர் போனை இறக்கவில்லை. "அதனால என்ன சீஃப், சரி பண்ணியிருப்பீங்க. அந்தக் கணக்கர் மட்டும் விட்டிருந்தா..."

"அவரு விட்டாருய்யா. இன்னும் ஒரு வருஷம் எடுத்துக்கோங்கன்னு கெஞ்சினாரு."

தம்பி பெல்ட்டைக் கழற்றவில்லை. அப்பா அவனை மட்டும் பார்த்தார்.

"எனக்குத்தான் மறுபடி இதுல ஏறப் பயம். திட்டத்தை நிறுத்துங்கன்னு சொன்னது நான்தான்."