வருஷப் பிறப்புக்கு முந்திய வியாபாரம்

சேலை முதல் பாடசாலைச் சட்டை வரை விற்கும் யோகராஜின் புடவைக் கடையில் புது வருஷம் சித்திரை பிறக்கும் சுப நேரத்தில் தொடங்கும். அந்த நேரத்தில்தான் புதுக்கணக்கு எழுதுவார்; அதற்கு முன் விற்றதெல்லாம் பழைய வருஷத்தைச் சேர்ந்தது. அரசாங்கத்தின் வரி வருஷமோ ஏப்ரல் முதலாம் திகதி, பூசை எதுவும் இல்லாமல் தொடங்கிவிடும். இரண்டுக்கும் இடையில் பதின்மூன்று பதினான்கு நாள், ஏறக்குறைய இரண்டு கிழமை. வேறு தொழிலாக இருந்தால் அந்த இரண்டு கிழமை எந்த வருஷத்தில் விழுந்தாலும் பெரிய வித்தியாசம் வராது. புடவைக் கடைக்கு அதுதான் வருஷத்தின் உச்சம். வருஷப் பிறப்புக்கு உடுப்பு எடுக்க வரும் சனம் கட்டுகஸ்தோட்டையில் நடைபாதை தெரியாமல் நிற்கும்.

கடை பாலத்துக்குக் கிட்ட, கண்டி பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்தது. இருபது வருஷத்துக்கு மேலாக வாடகை. கட்டிடம் அக்குறணை ஹலீம் ஹாஜியாருடையது. போன வருஷம் அவரே வந்து, கட்டிடத்தை விற்கப் போவதாகவும் முதலில் யோகராஜிடம்தான் சொல்வதாகவும் சொன்னார். வங்கி கடன் தரச் சம்மதித்தது, இரண்டு நிபந்தனைகளோடு. விலையில் மூன்றில் ஒரு பங்கை யோகராஜ் தன் கையிலிருந்து போட வேண்டும். வரிப் பாக்கி இல்லை என்று வரி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதமும் கொண்டுவர வேண்டும்.

முன்பணம் சேர்ந்துவிட்டது. மனைவி சீதாவின் நகைகளும் அதற்குள் போய்விட்டன. கடிதத்துக்காகத்தான் யோகராஜ் முதன்முறையாகக் கண்டியில் கணக்கு வேலை பார்க்கும் கிருஷாந்தியிடம் போனார். அதுவரை தன் வரிக்கணக்கைத் தானே எழுதிக் கொடுத்து வந்தவர் அவர். கிருஷாந்தி அவருடைய புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, கடையின் கார்ட் மெஷின் விற்பனையையும் வங்கிக் கணக்கையும் எடுத்து, ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து எழுதினாள். அதன்படி வந்த மீதி வரியை யோகராஜ் உடனே கட்டினார். கடிதம் வரும் என்று காத்திருந்தார். தை மாதம் வந்தது தண்டப்பண அறிவித்தல்.

"கட்ட வேண்டிய வரியெல்லாம் கட்டிட்டேனே, பிறகு என்னத்துக்கு தண்டம்?" என்று கிருஷாந்தியிடம் கேட்டார்.

"கட்டினீங்க அண்ணே. ஆனா பிந்திக் கட்டினீங்க."

"கடைசித் திகதிக்கு முன்னுக்கே கட்டினேன்!"

"அது மீதியைக் கட்டுற திகதி."

இதைப் புரிந்துகொள்ள ஹாஜியாரின் வாடகையை நினைத்துப் பார்த்தால் போதும். யோகராஜ் பன்னிரண்டு மாத வாடகையையும் மார்கழி மாதம் ஒரே கட்டாகக் கொடுத்தால், தொகையில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. ஆனாலும் ஹாஜியார் கோபப்படுவார். வரியும் அப்படித்தான். சம்பளக்காரருக்கு மாதாமாதம் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். கடைக்காரருக்கு அப்படிப் பிடிக்க ஆள் இல்லை. ஆகவே இந்த வருஷம் இவ்வளவு உழைப்பேன் என்று அவரே முன்கூட்டி ஓர் எஸ்டிமேட் கொடுத்து, அதற்குரிய வரியை நான்கு தவணையாகக் கட்ட வேண்டும். தவணை குறைந்தால், குறைந்த தொகைக்குத் தண்டமும் வட்டியும் வரும். மீதியைக் கடைசியில் கட்டினாலும் அவை அழியாது.

யோகராஜின் எஸ்டிமேட் குறைந்தது ஏமாற்றும் எண்ணத்தால் அல்ல. ஆவணியில் எஸ்டிமேட் எழுத உட்காரும்போது, முடிந்துபோன சித்திரை வியாபாரம், அதாவது வருஷப் பிறப்புக்கு முந்திய அந்த இரண்டு கிழமை, அவர் கணக்கில் பழைய வருஷத்தில் இருந்தது; அதற்கு வரியும் அந்த வருஷத்திலேயே கட்டிவிட்டார். அடுத்த சித்திரை இன்னும் வரவில்லை. வராத வியாபாரத்தை இவ்வளவு என்று எழுதி வைத்தால் அது வராமலே போய்விடும் என்பது அவர் எண்ணம். கடைவீதியில் பலருக்கும் அதே எண்ணம்தான். எனவே நான்கு தவணையிலும் சித்திரையே இருக்காது. விற்ற பிறகு கடைசியில் சேர்த்துக் கட்டுவார். பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற நெருக்கடிக் காலத்தில் சித்திரையிலும் வியாபாரம் இல்லை, ஆகவே குறைவும் கண்ணில் படவில்லை. இப்போது வியாபாரம் நன்றாக நடந்திருந்தது.

"அப்போ அந்த ரெண்டு கிழமைக்கு ரெண்டு தரம் வரி கட்டியிருக்கேன்?"

"ஆமா அண்ணே. அதுக்கு முந்தின வருஷம் நீங்க எழுதின கணக்குல ஒரு தரம், ஏப்ரல் முதலாம் திகதியில இருந்து நான் எழுதின கணக்குல ஒரு தரம்."

"அதை எடுத்து இதுல கழிக்கச் சொல்லும்மா."

கிருஷாந்தி பேனாவை மூடினாள். "நேர்ல போய்க் கேட்டுப் பார்ப்போம்."

வரி அலுவலகத்தில் இருந்த சிங்களப் பெண் அதிகாரி நல்லவர். கதிரை காட்டி உட்காரச் சொல்லி, தமிழிலேயே பேசினார்.

"மாத்தயா, நீங்க கட்டினது எனக்குத் தெரியுது. ஆனா அது அந்த வருசம். இது இந்த வருசம்."

"ரெண்டும் என்னோட காசுதானே மிஸ்?"

"உங்கட காசுதான். அந்த வருசத்துக் கணக்கைத் திருத்தி, கூடக் கட்டினதைத் திருப்பிக் கேளுங்க. நாங்க பரிசோதிச்சுப் பார்ப்போம்."

"எவ்வளவு காலம் எடுக்கும்?"

அதிகாரி சிரித்தார். கேலிச் சிரிப்பல்ல. "அது எனக்கே தெரியாது. இந்தத் தண்டத்துக்கு நீங்க ஆட்சேபணையும் குடுக்கலாம். காரணம் எழுதுங்க."

"அப்போ கடிதம் தருவீங்களா?"

"ஆட்சேபணை முடியும் வரைக்கும் பாக்கி இருக்குதானே. பாக்கி இல்லைன்னு நான் எப்படி எழுதுறது?"

"கட்டினா?"

"கட்டினா ரெண்டு கிழமையில கடிதம்."

படி இறங்கும்போது யோகராஜ் எல்லாவற்றையும் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார். தண்டத்தைக் கட்டினால் கடிதம் வரும், ஆனால் கட்டுவதற்கு முன்பணத்தைத் தவிர வேறு பணம் இல்லை. எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும், வங்கி கடன் தராது. ஆட்சேபணை கொடுத்தால் முன்பணம் அப்படியே இருக்கும், ஆனால் கடிதம் வராது, வங்கி கடன் தராது. வட்டி மாதாமாதம் ஏறிக்கொண்டும் இருக்கும்.

அன்று மாலை கடையில் சீதா சேலைகளை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்ட பிறகு சொன்னாள்:

"ஊர்ல எல்லாரும் ஒளிச்சு மாட்டுவாங்க. நீங்க ரெண்டு தரம் கட்டி மாட்டியிருக்கீங்க."

"சும்மா இரு."

"இல்லீங்க, கேக்குறேன். கூடக் கட்டினதுக்கு அவங்க வட்டி தருவாங்களா?"

"அது வேற விசயம்."

"எல்லாமே வேற விசயமாத்தான் இருக்கு. கடனுக்கு என்கிட்ட இனி ஒன்னும் இல்ல, பாருங்க." வெறும் கையைத் தூக்கிக் காட்டினாள். கோபத்தில் காட்டவில்லை. இருவருக்கும் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுவிட்டது.

யோகராஜ் தம்பி முறையான ஒருவரிடம் கடன் கேட்டுப் பார்த்தார்; கிடைக்கவில்லை. சீட்டு நடத்தும் கமலத்திடம் கேட்டார். அவளுடைய சீட்டு வைகாசியில்தான் விழும். வங்கி முகாமையாளரிடம், முன்பணத்தில் கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லையா என்று கேட்டார். அவரும் கதிரை காட்டி உட்காரச் சொன்னார். பரவாயில்லை என்று மட்டும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஹாஜியார் நேரே கடைக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்றார். எப்போதும் உள்ளே வந்து, சீதா தரும் பிளேன்டீயைக் குடிப்பவர்.

"என்ன தம்பி, கடிதாசி வந்திச்சா?"

"இன்னும் ரெண்டு மூனு மாசம் பொறுத்தா..."

"நான் பொறுப்பேன். மவள்ட கல்யாணம் பொறுக்குமா? குண்டசாலைப் பார்ட்டி ரெடிக் காசு வெச்சிக்கிட்டு ஈக்கிறான். பார்மசி போடப் போறானாம்."

"எனக்குத் தாறேன்னுதானே சொன்னீங்க ஹாஜியார்."

"சொன்னேன். இல்லங்கலியே. ஒனக்கு முந்தி யாருக்கும் சொல்லவுமில்ல." அவர் தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "என்னா பிரச்சினைன்னு சொல்லு. ஏதும் செய்ய ஏலுமான்னு பார்க்கிறேன்."

யோகராஜ் சொன்னார். இரண்டு வருஷம், இரண்டு கிழமை, நான்கு தவணை என்று விரல் மடக்கி, ஒன்றும் விடாமல் சொன்னார். ஹாஜியார் வியாபாரி, நடுவில் ஓர் இடத்திலும் திருப்பிக் கேட்கவில்லை. கடைசியில், "வெளங்குது," என்றார். "நல்லா வெளங்குது தம்பி. என்னத்தச் செய்ய?"

அதற்கு மேல் அவரும் நிற்கவில்லை. மாசி கடைசிக்குள் கடையை விட வேண்டும் என்று மறுநாள் ஆள் அனுப்பினார். வருஷப் பிறப்பு வரைக்கும் ஹாஜியார் அவகாசம் கேட்டுப் பார்த்ததாகவும், வாங்குகிறவர் சம்மதிக்கவில்லை என்றும் அந்த ஆள் சொன்னான்.

திங்கட்கிழமை யோகராஜ் தண்டப்பணத்தைக் கட்டினார். இனி முன்பணத்தைக் காத்து வைக்கக் காரணம் இல்லை, வட்டியையாவது நிறுத்தலாம். பிறகு கடை வாசலில் 'பாதி விலை' என்று எழுதி மாட்டினார். சாமான்களை வைக்க வீட்டில் இடமில்லை. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வந்து, ஏன் மூடுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இரண்டு மூன்று உடுப்பாக எடுத்தார்கள்.

சனம் நெருக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் கிருஷாந்தி போனில் அழைத்தாள்.

"அண்ணே, பாக்கி இல்லைங்கிற கடிதம் வந்திருக்கு. வந்து வாங்கிக்கிறீங்களா?"

"வச்சிரும்மா."

"இன்னொன்னு. இப்ப நடக்கிற வருஷத்துக்கு அடுத்த தவணை கட்டணும். எஸ்டிமேட்டைத் திருத்தணுமா, அப்படியே விடவா?"

யோகராஜ் ஒரு கையால் ஒரு பாடசாலைச் சட்டையை மடித்து சீதாவிடம் நீட்டினார். கடை இல்லாத ஒருவரின் வருமானம் குறையும். ஆனால் இப்போது ஒரே நாளில் ஒரு மாதத்துச் சரக்கு போகிறது, அதுவும் வாங்கிய விலைக்கே போகிறது. இது உழைப்பா நட்டமா என்று அவருக்கே தெரியவில்லை.

"குறைச்சுப் போட்டா என்ன ஆகும்?"

"கணக்குப் பிழைச்சா திரும்பவும் தண்டம்."

"கூட்டிப் போட்டா?"

"பிறகு திருப்பிக் கேக்கலாம் அண்ணே."

"நீயே ஏதாவது போடும்மா."

"நான் போட ஏலாது. நீங்கதான் சொல்லணும்."

எதிரே ஒரு பெண் இன்னொரு சட்டையைப் பிள்ளையின் முதுகில் வைத்து அளந்துகொண்டிருந்தாள். அடுத்த வருஷமும் போடக்கூடிய அளவில் இருக்கிறதா என்று கேட்டாள். யோகராஜ் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, மற்றக் கையால் சட்டையின் கழுத்தில் இருந்த அளவைத் திருப்பிப் பார்த்தார்.