இன்னொரு கரண்டி

மாஸ்டரின் காலரைப் பிடித்துச் சுவரில் மோதினான் அவள் கொழுந்தன். ஜிம்மிலிருந்து அவர் கொண்டுவந்த மலர்வளையம் கீழே விழுந்து, பிணப்பெட்டியின் கால்மாட்டில் நசுங்கியது.

"என்னத்தடா கலக்கிக் குடுத்த எங்கண்ணனுக்கு? எடை தூக்கப் போனவன் பொணமா வந்திருக்கான்!"

"நான் அரைக் கரண்டிதான்பா சொன்னேன்..."

குத்து வாயில் இறங்கியது. தரையில் ரத்தம் தெறித்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் பதறிப்போய் ஒதுங்கினார்கள்.

அவள் கணவனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். இன்னும் அழுகை வரவில்லை. கிடங்கில் சூப்பர்வைசர் அவன். பகலெல்லாம் மேலதிகாரியிடம் வாங்கிய வசவைச் சுமந்துகொண்டு சாயங்காலம் ஜிம்முக்குப் போவான். உடம்பை முறுக்கேற்றும் சிவப்புப் பொடியைக் கலக்கிக் குடித்தால்தான் அங்கே கை ஓடும்.

'பொழுது சாஞ்சா படபடப்பு ஹார்மோன் அடங்கணும். நீங்க அதைப் பொடி போட்டு எழுப்புறீங்க. இதயம் தாங்காது' என்றார் டாக்டர். மறுநாளே இன்னொரு கரண்டி கூடியது. அப்புறம் தூக்கம் ஏது? வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பான். தட்டு பறக்கும். போன வாரம் அவள் தோள்பட்டை வீங்கியது.

மாஸ்டர் உதட்டைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தார். "நான் நிறுத்தினப்புறம் வெளியில வாங்கிக் குடுத்தது யாரு? நீதானே? நீயும் அதைத்தானே குடிக்கிற?"

கொழுந்தன் நாற்காலியைத் தூக்கினான். அவள் எழுந்துபோய்க் குறுக்கே நின்றாள்.

"போதும் தம்பி. விடுங்க."

"தள்ளிப் போங்க அண்ணி!"

புடைத்த கழுத்து நரம்பு, சிவந்த கண். அந்த முகம் அவளுக்கு அத்துப்படி. நகரவில்லை. நாற்காலி அவள் முழங்கையில் இறங்கியது. நாலு பேர் பாய்ந்து அவனை அமுக்கினார்கள்.

"ஐயோ, அண்ணி..." என்றான் அடியிலிருந்து.

அவள் மகளைத் தேடினாள். படுக்கையறையில் இல்லை. குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அடிபடாத கையால் மெல்லத் தட்டினாள்.

"அம்மாடா. திற."

கதவிடுக்கில் மகளின் குரல் கேட்டது.

"அப்பா எந்திரிச்சிட்டாராம்மா?"

"இல்லடா. சத்தம் போட்டது சித்தப்பா."

தாழ்ப்பாள் நகரவில்லை. அவள் ஈரக் கால்மிதியில் உட்கார்ந்து கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.