மூன்றாவது ரொட்டி

காலை ஒன்பது மணி இருக்கும். நஸ்மியா வீட்டு தாபூன் அடுப்பிலிருந்து புகை எழுந்தது. மலைச்சரிவில் ஒரு வீட்டின் தலைமேல் இன்னொரு வீடு நிற்கும் ஊர் அது. யார் வீட்டுப் புகையும் யார் கண்ணுக்கும் தப்பாது.

"அடியே நஸ்மியா!" பக்கத்து வீட்டு ஃபிக்ரியா மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள். கையில் பாதி உரித்த வெங்காயம் இருந்தது. "உனக்குப் புத்தி பிசகிப்போச்சா? துக்க வீட்டில தீ மூட்டுறே?"

"எந்த வீட்டில துக்கம்?"

"இந்த வீட்டிலதான்டி. உன் கொழுந்தன் நேத்தே பள்ளிவாசல்ல சொல்லியாச்சு. மதியத் தொழுகை முடிஞ்சதும் துக்கம் கேக்க வர்றவங்களுக்கு நாற்காலி போடுறாங்க. மூணு நாளைக்கு உங்களுக்குச் சோறு ஆக்க வேண்டியது நாங்க. காலைலேர்ந்து நாலு கிலோ வெங்காயம் உரிச்சு நான் அழுதுக்கிட்டிருக்கேன், நீ என்னடான்னா விருந்துக்கு அடுப்பு மூட்டுறே."

"அழாதேக்கா. கத்தியைக் கீழ வை. எங்களுக்கு வேண்டியதை நாங்களே ஆக்கிக்கிறோம்."

ஃபிக்ரியாவின் தலை மெல்ல மதிலுக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

சாவு விழுந்த வீட்டில் மூன்று நாளைக்கு அடுப்பு எரியாது. அண்டை அயலார் அண்டாவைத் தூக்கி வருவார்கள். அந்த வீட்டுப் பெண்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். தன் தாய்க்காகவும், பிறகு மாமியாருக்காகவும் நஸ்மியா அப்படி உட்கார்ந்திருக்கிறாள். சாவு வீட்டுக்குள் வருவது அப்போதுதான், கை சும்மா இருக்கும்போது, என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. அதனால் இன்று விடிந்ததும் அவளே கோழி இரண்டை அறுத்தாள். ஏலமும் பட்டையும் போட்டு வேகவைத்தாள். மாவு பிசைந்தாள். முந்தாநாள் செக்கிலிருந்து வந்த புது ஆலிவ் எண்ணெய்த் தகரத்தைத் திறந்தபோது பச்சை வாசனை தொண்டையில் காறலாக இறங்கியது. புது எண்ணெய் வந்தால், ரொட்டி மேல் வெங்காயமும் கோழியும் வைத்துச் சுடும் முசக்கான் செய்தாக வேண்டும். வேறு எந்த வருஷமாக இருந்தாலும் இதை யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

அவள் கணவன் ஷஃபீக் குவைத்துக்குப் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. அங்கே போர் வந்தது. பெட்டியோடு சிலரும் பெட்டி இல்லாமல் பலருமாக எல்லோரும் திரும்பினார்கள். அவன் திரும்பவில்லை. கடிதமும் நின்றது. அது நின்று எட்டு வருஷம். இப்போது மூன்று நாளைக்கு முன்னால், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர் முஃபீத், எல்லைப் பாலத்தைக் கடந்து ஊர் வந்து சேர்ந்திருந்தார். பஸ்ராவில் ஓர் அறையில் தன்னோடு தங்கியிருந்த ஒருவர் காய்ச்சலில் இறந்துபோனார் என்றார். பெயர் ஷஃபீக். இறந்தவர் ஊர்ப் பெயர் சொல்லியிருந்தார், முஃபீத்துக்கு அது மறந்துவிட்டது. சரிவில் உள்ள ஊர். ஒரு பெண் குழந்தை. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். மோதிரம் இல்லை, படம் இல்லை, துண்டுக் காகிதம்கூட இல்லை. அந்தச் செய்தியைத் தூக்கிக்கொண்டு, இது யாருடையது, இது யாருடையது என்று ஊர் ஊராகக் கேட்டு வந்திருக்கிறார். மூன்றாவது ஊரில் அவள் கொழுந்தன் தைசீர் அதை வாங்கிக்கொண்டான்.

நஸ்மியா வாங்கிக்கொள்ளவில்லை. இந்த மலையில் ஷஃபீக்குகளுக்கா பஞ்சம்?

அவளிடம் ஒரு கேள்வி இருந்தது. அதை முஃபீத்திடம் கேட்டால் ஆமா, இல்லை என்று ஒன்று தெரிந்துவிடும். மூன்று நாளாக அந்தக் கேள்வியை அவள் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள்.

வெங்காயம் அகலச் சட்டியில் எண்ணெயில் மூழ்கிக் கிடந்தது. அவசரப்படக் கூடாது. நிறம் மாறாமல், கரைகிற மாதிரி, நிதானமாக வதங்க வேண்டும். அவள் கிளறிக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரு கணம் கை நின்றது. வாசல் பக்கம் கனைப்புச் சத்தம் கேட்டது.

யாரும் இல்லை. எப்போதும் யாரும் இருப்பதில்லை. முற்றத்துக்குள் நுழையும் முன் ஷஃபீக் ஒரு தரம் கனைப்பான். உள்ளே வேறு வீட்டுப் பெண்கள் இருந்தால் முக்காட்டைச் சரி செய்துகொள்ளட்டும் என்று. எட்டு வருஷமாக அந்தக் கனைப்பு வந்து போய்க்கொண்டிருந்தது. துணி உலர்த்தும்போது வரும். கதவுக்குத் தாழ் போடும்போது வரும். வெங்காயம் வதங்கும்போது தவறாமல் வரும்.

கல்யாணமான முதல் வருஷம் இதே அடுப்படியில்தான். அன்றும் புது எண்ணெய். கனைத்துக்கொண்டு வந்தவன் அவள் காதருகே என்னவோ சொன்னான். என்ன சொன்னான் என்பது இப்போது ஞாபகம் இல்லை, சிரித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. சட்டியின் ஓரத்தில் வெங்காயம் கருகிவிட்டது. மாமியார் பார்த்தால் மூன்று தலைமுறைக்குப் பேசுவாள். ஷஃபீக் கருகினதை எல்லாம் வழித்துத் தன் ரொட்டியில் போட்டு, மேலே கோழியை வைத்து மூடிவிட்டான். தாயின் எதிரிலேயே உட்கார்ந்து நிதானமாகத் தின்றான். "இனிமே எனக்கு இப்படித்தான் வேணும். யாருக்கும் சொல்லாதே" என்றான்.

அவள் யாருக்கும் சொல்லவில்லை. வருஷா வருஷம் ஒரு பிடி வெங்காயத்தை வேண்டுமென்றே கருக விட்டாள். அவன் ரொட்டியில் கோழிக்கு அடியில் ஒளித்தாள். அவன் போன பிறகும் புது எண்ணெய் நாளில் மூன்று ரொட்டி போட்டாள். அவளுக்கு, மகளுக்கு, அவனுக்கு. மூன்றாவதை மறுநாள் சூடு காட்டி அவளே தின்பாள்.

"யம்மா, ஓரத்தில கருகுது பாரு."

சவ்சன் பின்னால் நின்றிருந்தாள். பதினேழு வயது. கறுப்பு உடை போட்டிருந்தாள். நஸ்மியா அந்த உடையைப் பார்த்தாள், சட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வருஷா வருஷம் கருக்கிடுறே. ஊரே உன் கைப்பக்குவத்தைப் புகழுது, எனக்குத்தானே தெரியும்."

"தெரிஞ்சா வாயை மூடிக்கிட்டுச் சுமாக்கை எடு."

சவ்சன் அந்தச் சிவப்புப் புளிப்புத் தூள் ஜாடியை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த பிறகும் அங்கேயே நின்றாள். அடுப்புக்குள் கூழாங்கற்கள் சூட்டில் மெல்ல வெடித்தன.

"யம்மா. யப்பா போனப்ப எனக்கு ஏழு வயசு. முகம்கூடப் படத்தில பார்த்த முகம்தான். ஆனா நான் அழணும். பள்ளிக்கூடத்தில யாராவது கேட்டா என்ன சொல்றதுன்னு எட்டு வருஷமா எனக்குத் தெரியலை. இருக்கார்னு சொன்னாலும் பொய். இல்லைன்னு சொன்னாலும் நீ அடிப்பே."

"நான் எப்ப உன்னை அடிச்சேன்?"

"அடிச்சிருந்தா பரவாயில்லையே."

நஸ்மியா ரொட்டியை எண்ணெயில் தோய்த்தாள். கற்களின் மேல் சுட்டதால் ரொட்டி முழுக்கக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் எண்ணெய் தேங்கி நின்றது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் எப்போது உள்ளே போனாள் என்று தெரியவில்லை.

தைசீர் வரும்போது கனைக்கவில்லை, கத்திக்கொண்டே வந்தான்.

"அண்ணி! நாற்காலிக்கு வண்டி சொல்லியாச்சு, சர்க்கரை போடாத காப்பி கொதிக்குது, நாலு ஊருக்கு ஆள் போயிருக்கு. நீங்க இங்க கோழி வறுத்துக்கிட்டு இருக்கீங்க! செக்குகிட்ட நிக்கிறவனெல்லாம் புகையைக் காட்டி என்னைக் கேக்கிறான், 'ஏன்டா, உன் அண்ணன் செத்துட்டானா, இல்லே வந்துட்டானா'ன்னு."

"நீ என்ன சொன்னே?"

"என்னத்தைச் சொல்றது? தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்துட்டேன். தண்ணியை ஊத்தி அணைங்க அண்ணி."

"உன் அண்ணன் செத்ததை யார் பார்த்தா?"

"முஃபீத் தன் கையால குளிப்பாட்டியிருக்கார்."

"அவர் ஒரு ஷஃபீக்கைக் குளிப்பாட்டினார்."

தைசீர் முற்றத்துக் கல்லில் உட்கார்ந்தான். குரல் இறங்கிவிட்டது. "எனக்கு மட்டும் ஆசையா அண்ணி? அவன் எனக்கு அண்ணன். நீங்க அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. மூணு நாளா அவர் வந்தாலே உள்ளே போயிடுறீங்க. அவரையே கூட்டிட்டு வர்றேன். உங்க வாயால கேட்டுக்குங்க. அது என் அண்ணன் இல்லைன்னு ஆச்சுன்னா நாற்காலியை எல்லாம் நானே திருப்பி அனுப்புறேன்."

அவள் அடுப்பு மூடியைச் சற்றே தூக்கி உள்ளே பார்த்தாள். மூன்று ரொட்டிகள், அவற்றின் மேல் கோழி. தோல் இப்போதுதான் நிறம் பிடிக்க ஆரம்பித்திருந்தது.

"கூட்டிட்டு வா," என்றாள். "பசியோட வரச் சொல்லு."

அவன் போனதும் முற்றம் அமைதியானது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஃபிக்ரியாவின் கத்தி பலகையில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் நிறுத்தவில்லை போலிருக்கிறது. நஸ்மியா இரண்டு ரொட்டிகளை எடுத்துத் தட்டில் வைத்தாள். மூன்றாவதை உள்ளேயே விட்டு மூடினாள்.

அப்போது வாசலில் கனைப்புச் சத்தம் கேட்டது.

அவள் கையிலிருந்த துணி நழுவியது. இந்த முறை திரும்பிப் பார்த்தபோது ஆள் இருந்தது. மெலிந்த மனிதர். அவருடைய கோட்டு இன்னொருவருக்குத் தைத்தது போலத் தொங்கியது. அவருக்குப் பின்னால் தைசீர் நின்றிருந்தான்.

"அஸ்ஸலாமு அலைக்கும், தங்கச்சி."

"வாங்கண்ணே. முதல்ல சாப்பிடுங்க."

முஃபீத் தயங்கினார். துக்கம் சொல்ல வந்த வீட்டில் எண்ணெய் மணக்கும் தட்டு எதிரே வந்தால் யாரும் தயங்கத்தான் செய்வார்கள். தைசீர் அவர் தோளைத் தொட்டு உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தான். சவ்சன் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். நஸ்மியா அடுப்பருகே போய் நின்றுகொண்டாள். கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கினாள். சாப்பிடட்டும், அதற்குப் பிறகு. அந்தக் கொஞ்ச நேரத்துக்காவது அவன் உயிரோடு இருப்பான்.

முஃபீத் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துத் தின்றார். கண்ணை மூடினார். இன்னொரு துண்டு. பிறகு விரலால் கோழித்துண்டை லேசாகத் தூக்கி அடியில் பார்த்தார். வைத்துவிட்டார். அடுத்த துண்டையும் தூக்கிப் பார்த்தார்.

"என்னண்ணே தேடுறீங்க, கல்லு கெடக்கா?" என்றான் தைசீர்.

முஃபீத்துக்கு வெட்கமாகிவிட்டது. "இல்லப்பா, ஒண்ணுமில்ல. தப்பா நினைச்சுக்காதீங்க தங்கச்சி. சமையல்ல ஒரு குறையும் இல்லை."

"சொல்லுங்கண்ணே."

அவர் விரலிலிருந்த எண்ணெயைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அந்த ரூம்ல எங்களுக்கு ரொட்டியும் டீயும்தான். பசிக்கிறப்ப அவர் சமைப்பார். சட்டி இல்லாம, வாயாலேயே. இதைத்தான் சமைப்பார். கோழியை அறுக்கிறதிலேர்ந்து ஆரம்பிச்சு ஒண்ணுவிடாம சொல்லுவார். கடைசியில, 'கோழியைத் தூக்கினா அடியில ஒரு பிடி கருகின வெங்காயம் இருக்கும், அது எனக்கு மட்டும், எங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது'ம்பார். கருகினதை எவன்யா திம்பான்னு நான் தினமும் சண்டை போடுவேன். உனக்குத் தெரியாதுடாம்பார்." தட்டைச் சற்றுத் தள்ளி வைத்தார். "இந்த வாசனை வந்ததும் கை தானா தேடிடுச்சு."

"எங்க வீட்டில எவன் கருகினதைத் தின்னான்?" தைசீர் நஸ்மியாவைப் பார்த்தான். "கேட்டீங்களா அண்ணி? இது எங்க அண்ணன் இல்லை. எங்கம்மா கையில வெங்காயம் கருகினதா சரித்திரமே இல்லை. இது வேற எவனோ..." அவன் குரலில் எங்கிருந்தோ ஒரு சந்தோஷம் எழுந்துவந்தது. "அண்ணி, இவர் பார்த்தது வேற ஆளு!"

நஸ்மியா தலையை ஆட்டினால் போதும். நாற்காலி திரும்பிப் போகும், காப்பியைக் கொட்டிவிடுவார்கள், அடுத்த வருஷமும் மூன்று ரொட்டி போடலாம். வாசலில் கனைப்பு வந்து போய்க்கொண்டிருக்கும். இந்த முற்றத்தில் கருகின வெங்காயத்தின் கதை தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

கதவு நிலையில் சவ்சன் நிமிர்ந்திருந்தாள். அவள் கண் தாயின் மேல் இருந்தது. பிறகு ஓரத்தில் கறுத்துக் கிடந்த வெங்காயச் சட்டிக்குப் போனது. மறுபடி தாயிடம் வந்தது.

"யம்மா," என்றாள், சத்தமே வராமல்.

நஸ்மியா குனிந்து அடுப்பு மூடியைத் திறந்தாள். மூன்றாவது ரொட்டியை வெறுங்கையால் எடுத்தாள். சுட்டது தெரியவில்லை. அதை முஃபீத் முன்னால் வைத்தாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு இரண்டு விரலால் கோழியைத் தூக்கினார்.

அடியில் கறுப்பாக ஒரு பிடி.

தைசீரின் முகத்தில் அந்தச் சந்தோஷம் எங்கே போவது என்று தெரியாமல் அப்படியே நின்று, பிறகு உதிர்ந்தது. அவன் முகத்தை மூடிக்கொண்டான்.

"அவரை எங்க வச்சீங்க?" என்று கேட்டாள் நஸ்மியா.

"ஊருக்கு வெளியில ஒரு பேரீச்சந்தோப்பு. மேற்க பார்த்த பக்கம். ஜனவரி மாசம், அன்னைக்கு மழை."

"பக்கத்தில ஆள் இருந்தாங்களா?"

"நான் இருந்தேன் தங்கச்சி. கையைப் பிடிச்சுக்கிட்டுதான் இருந்தேன்."

அவள் தலையாட்டினாள். ரொட்டியை இழுத்துப் பாதியாகப் பிய்த்து, கருகினது இருந்த பாதியை மகளிடம் நீட்டினாள்.

"தின்னு. உங்க யப்பா பங்கு."

சவ்சன் வாங்கி வாயில் வைத்தாள். மெல்ல ஆரம்பித்தாள். மென்றுகொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. வாய் நிறைய ரொட்டியோடு, எட்டு வருஷத்து அழுகை. அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் மனசு வரவில்லை. நஸ்மியா அவளைத் தடுக்கவில்லை.

மூலையில் குடத்தில் தண்ணீர் இருந்தது. நஸ்மியா அதைத் தூக்கி வந்து அடுப்பில் ஊற்றினாள். கற்கள் சீறின. வெள்ளைப் புகை ஒரே மூச்சில் மேலெழுந்து, சரிவு முழுக்கப் பார்க்கும் உயரத்துக்குப் போய்க் கலைந்தது. அதன்பின் எதுவும் எழவில்லை.

அவள் மதிலருகே போனாள்.

"ஃபிக்ரியாக்கா."

கத்தியின் சத்தம் நின்றது.

"வெங்காயம் வதங்கிடுச்சா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"இல்லடி. இப்பதான் முதல் சட்டி போட்டேன். கருகாம கிட்டயே நின்னு பார்த்துக்கிறேன். நீ போய் உட்காரு."

நஸ்மியா திரும்பி வந்து மகளின் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.